பதம் தெரிந்த பிள்ளைகள்

ஆவியில் வேகும் பலகாரம்தானே, என்ன கஷ்டம் என்று கேட்பவர்கள் பூரணக் கொழுக்கட்டைக்குச் சொப்பு என்னும் மாவுக் கிண்ணம் பிடித்துப் பார்த்திருக்க மாட்டார்கள். பொரித்த பலகாரத்தில் எண்ணெய் பல குறைகளை மூடிவிடும். மொறுமொறுப்பிலேயே நாக்கு மயங்கிவிடும். அவித்த பலகாரத்துக்கு அந்தச் சலுகை கிடையாது. மாவு காய்ந்திருந்தால் சொப்பு வெடிக்கும். தண்ணீர் கொதிக்கும் முன் மாவைக் கொட்டினால் பிசுபிசுக்கும். பூரணம் இளகி இருந்தால் வேகும்போதே ஒழுகிவிடும். செய்தவர் எந்த இடத்தில் கவனம் பிசகினார் என்பதைத் தட்டில் இருக்கும் கொழுக்கட்டையே காட்டிக்கொடுக்கும். இவ்வளவு கவனத்தைக் கேட்பதாலேயே, பிள்ளைகளுக்கு மொழியையும் நல்ல உணவுப் பழக்கத்தையும் ஒருசேரச் சொல்லித்தர இந்தக் கைவேலையைவிடத் தோதான பாடம் வேறில்லை என்பேன். கதை சொல்லி மொழியை வளர்க்கலாம். படம் காட்டிச் சத்துணவைப் பற்றிப் பேசலாம். ஆனால் சொன்ன சொல் சரியா தவறா என்பது அரை மணி நேரத்தில் வாயிலேயே தெரிந்துவிடுகிற வகுப்பு அடுப்பங்கரையில் மட்டுமே நடக்கிறது.

பேராவூரணியை வைத்து இதைப் பேசுவதற்குக் காரணம் உண்டு. தஞ்சை மாவட்டத்தின் தென்கோடியில் நெல்வயலும் தென்னந்தோப்பும் அடுத்தடுத்துக் கிடக்கும் வட்டாரம் இது. மேட்டூர் அணை கட்டி முடிந்த 1934-ஐ ஒட்டி வெட்டப்பட்ட கல்லணைக் கால்வாயின் கடைமடை இந்தப் பக்கம்தான். ஊர்வழக்கில் அது புது ஆறு. தண்ணீர் வந்து சேர்ந்தால் நெல், அறுவடை முடிந்த ஈரத்தில் உளுந்தும் பயறும், மேட்டிலெல்லாம் தென்னை. கரும்பு வெல்லம் காய்ச்சும் ஊர்கள் இதே மாவட்டத்தில் பாபநாசம் பக்கம் இருக்கின்றன. ஊரின் பெயர்பெற்ற தெய்வமே நீலகண்டப் பிள்ளையார். கொழுக்கட்டைக்கு வேண்டிய பொருளும் காரணமும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் இந்த ஊரில்கூட, பள்ளி விட்டதும் பிள்ளைகள் கையில் இருப்பது பெரும்பாலும் பாக்கெட் தின்பண்டம். 2018 நவம்பர் 16 அன்று கரையைக் கடந்த கஜா புயல் பட்டுக்கோட்டை, பேராவூரணி தோப்புகளை வேரோடு சாய்த்தது. அந்த ஆண்டு பிறந்த பிள்ளைகளும் அதற்குப் பின் நட்ட தென்னம்பிள்ளைகளும் ஏறக்குறைய ஒரே வயதில் வளர்கின்றன. அந்த மரங்கள் காய்க்கும்போது, குரும்பை எது, வழுக்கை எது, முற்றிய காய் எது, கொப்பரை எது என்று பிரித்துச் சொல்லத் தெரியாத தலைமுறை அவற்றின் கீழே நிற்குமானால், அந்த இழப்புக்குப் புயலைக் குறை சொல்ல முடியாது.

கொழுக்கட்டையின் நுட்பம் மாவில் தொடங்குகிறது. பச்சரிசியைக் களைந்து, ஊறவைத்து, வடித்து, நிழலில் துணி விரித்து உலர்த்த வேண்டும். வெயிலில் போட்டால் மேலே காய்ந்து உள்ளே ஈரம் நிற்கும். அரிசியை அள்ளிக் கையை மூடித் திறந்தால் உள்ளங்கையில் நாலைந்து மணி ஒட்டியிருக்க வேண்டும். கை நனையக் கூடாது. அந்த ஈரத்தோடு முன்பு உரலில் இட்டு இடித்தார்கள். இப்போது மில்லில் கொடுக்கிறார்கள். கொஞ்சமென்றால் மிக்ஸியே போதும். அரைத்ததைச் சலித்து, கப்பியை மறுபடியும் அரைத்துச் சேர்த்து, வெறும் சட்டியில் இளஞ்சூட்டில் வறுக்க வேண்டும். எதுவரை என்பதற்குக் கடிகாரக் கணக்கு கிடையாது. மாவைக் கிள்ளித் தரையில் இழுத்தால் கோலக்கோடு அறுபடாமல் விழ வேண்டும், அதுவரை. அரிசியின் வயதையும் பார்க்க வேண்டும். புது அரிசி மாவு சட்டென்று ஒட்டும். பழைய அரிசி மாவு கூடுதலாகத் தண்ணீர் கேட்கும். ஒரு டம்ளர் மாவுக்கு ஒன்றரை டம்ளர் தண்ணீர் என்பது தொடங்குவதற்கான கணக்கு. அதற்குமேல் கைதான் முடிவு செய்யும்.

அடுத்து சொப்பு. உப்பும் ஒரு கரண்டி நல்லெண்ணெயும் சேர்த்த தண்ணீர் தளதளவென்று கொதிக்கும்போது தீயைத் தணித்து, மாவைக் கொட்டி, அகப்பைக் காம்பால் கட்டி தட்டாமல் கிளறி, மூடிவைத்து, கை பொறுக்கும் சூட்டில் பிசைய வேண்டும். எலுமிச்சை அளவு உருண்டை எடுத்து, எண்ணெய் தொட்ட கட்டைவிரல் உள்ளேயும் மற்ற விரல்கள் வெளியேயுமாகச் சுற்றிக்கொண்டே போனால் கிண்ணம் விரியும். ஓரம் மெலிய வேண்டும். அடி மெலியக் கூடாது. கரைத்து வடிகட்டிய வெல்லப்பாகில் தேங்காய்ப்பூவைப் போட்டுச் சுருளக் கிளறியதுதான் பூரணம். தேங்காயின் அடிப்பழுப்பு வராமல் துருவினால் நிறம் கெடாது. கிளறும் பதம் கொஞ்சம் கூடப் போனால் பூரணம் கல்லாகும். கொஞ்சம் முந்தினால் ஒழுகும். பூரணத்தைச் சொப்புக்குள் வைத்து, வாயைக் குவித்து மூடி இட்லிப் பானையில் வைத்தால் பத்து நிமிடத்தில் மேல்தோலில் பளபளப்பு ஏறும். ஈரவிரலால் தொட்டால் ஒட்டாது. அதுதான் வெந்த அடையாளம். உள்ளிருக்கும் பூரணத்தின் நிறம் லேசாக வெளியே தெரியும் அளவுக்கு மெலிந்த சொப்பு, எங்கும் கீறல் இல்லாத தோல், சொப்பின் துளி உப்பு உள்ளிருக்கும் இனிப்பைத் தூக்கிக் கொடுக்கிற விதம், சாயங்காலம் ஆனாலும் விறைக்காத மென்மை — நல்ல கொழுக்கட்டைக்கு இவை இலக்கணம்.

இவ்வளவையும் ஒரு பெரியவர் ஒரு பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டுமானால் என்ன நடக்கும் என்று பார்ப்போம். இன்றைய வீட்டுப் பேச்சில் சமையல் வினைகள் பலவும் ‘பண்ணு’ என்ற ஒன்றுக்குள் அடங்கிவிட்டன: மிக்ஸ் பண்ணு, ஃப்ரை பண்ணு, கட் பண்ணு. சாப்பிட மட்டும் வருகிற பிள்ளைக்கு இது போதும். செய்ய வருகிற பிள்ளைக்குப் போதாது. மிக்ஸ் பண்ணு என்றால் மாவைக் கிளறுவதா, பிசைவதா, பிசறுவதா? புட்டுக்கு மாவைப் பிசற வேண்டும்: உப்புத் தண்ணீரைத் தெளித்து, விரல் நுனியால் உதிரியாக. பிசைந்துவிட்டால் புட்டு போச்சு. கொழுக்கட்டைக்குப் பிசைய வேண்டும்; பிசறி விட்டால் சொப்பு எழாது. இந்த இரண்டு சொல்லுக்கும் உள்ள வேறுபாட்டை அகராதியைப் புரட்டி விளக்கினால் பிள்ளை மறந்துவிடும். கையால் ஒருமுறை இரண்டையும் செய்த பிள்ளை ஆயுளுக்கும் மறக்காது. புடைத்தல், கொழித்தல், சலித்தல், அரித்தல், களைதல் எல்லாமே சுத்தப்படுத்துகிற வேலைகள்தாம். ஆனாலும் முறத்தில் செய்வது ஒன்று, சல்லடையில் செய்வது ஒன்று, தண்ணீரில் செய்வது இன்னொன்று. வினைச்சொற்களின் இந்த நுண்மை தமிழின் பெருஞ்செல்வம். அது ஏட்டில் இருந்தால் போதாது. வேலை நடக்கிற இடத்தில் புழங்க வேண்டும்.

சொல்வளத்தோடு இது நின்றுவிடுவதில்லை. சமையல் பேச்சின் வாக்கிய அமைப்பே பிள்ளைக்குச் சிந்திக்கக் கற்றுக்கொடுக்கிறது. ‘கொதித்த பிறகு போடு’, ‘சுருண்டு வரும்போது இறக்கு’, ‘ஒட்டினால் எண்ணெய் தொட்டுக்கொள்’, ‘வெடித்தாலும் பரவாயில்லை, தண்ணீர் தொட்டு ஒட்டு’ என்று காலமும் நிபந்தனையும் காரணமும் விலக்கும் இயல்பாக வந்து விழுகின்றன. ‘ஏன் வெடித்தது?’ என்று கேட்டால், மாவு காய்ந்துபோனதால் என்று காரணத்தோடு சொல்ல வேண்டியிருக்கிறது. இலக்கணப் பாடத்தில் வினையெச்சம் என்று படிப்பதை ஆறு வயதில் அடுப்பங்கரையில் நூறு தடவை பேசிய பிள்ளைக்கு, பின்னாளில் அந்த இலக்கணம் அந்நியமாகத் தெரியாது. அளவைச் சொற்களும் அப்படியே. கால், அரை, முக்கால், ஒன்றரை என்பவை டம்ளரில் கண்ணெதிரே நிற்கின்றன. பாதி டம்ளர் மாவுக்குத் தண்ணீர் எவ்வளவு என்று கேட்டால் பின்னக் கணக்கு பிள்ளையின் கையில் வந்துவிடுகிறது.

கையால் செய்து கற்பது புதிய யோசனை அல்ல. 1937-இல் வார்தாவில் காந்தி முன்வைத்த ஆதாரக் கல்வி கைத்தொழிலையே பாடத்தின் நடுவில் வைத்தது. 1939-இல் சென்னை அடையாறுக்கு வந்து இந்திய ஆசிரியர்களுக்குப் பயிற்சியளித்த மரியா மாண்டிசோரி, ஊற்றுவது, சலிப்பது, துடைப்பது போன்ற அன்றாட வேலைகளைச் சிறு பிள்ளைகளின் முதல் பாடமாகவே வைத்தார். தமிழகத் தொடக்கப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றலும், பெருந்தொற்றுக்குப் பின் 2022-இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டமும் செயல்பாட்டை நம்பியே வகுக்கப்பட்டவை. இவற்றில் பயன்படும் அட்டை, படம், பொம்மை எல்லாம் நல்லவைதாம். ஆனால் அவை காட்டும் பொருள் பிள்ளையின் கைக்கு வருவதில்லை. கொழுக்கட்டை வகுப்பில் பாடப்பொருளே கையில் இருக்கிறது. சூடும் மணமும் எடையும் அதற்கு உண்டு. முடிவில் அதைத் தின்னலாம். ஏழு வயதுப் பிள்ளையை உட்காரவைக்க இதைவிடப் பெரிய காரணம் வேண்டுமா?

நெருப்பும் கத்தியும் உள்ள இடத்துக்குப் பிள்ளைகளை அனுப்பலாமா என்ற கேள்வி முதலில் வரும், நியாயமான கேள்வி. நம் பலகார மரபிலேயே அதற்கு விடை இருக்கிறது. ஆடிப்பெருக்கன்று காவிரிக் கரையூர்களில் படைக்கும் காப்பரிசிக்கு அடுப்பே வேண்டாம். ஊறவைத்து வடித்த பச்சரிசி, பொடித்த வெல்லம், தேங்காய்ப் பல், எள், பொட்டுக்கடலை, கலந்தால் முடிந்தது. அன்று சிறுபிள்ளைகள் சப்பரம் கட்டி இழுத்துக்கொண்டு ஆற்றங்கரைக்குப் போவது டெல்டாவின் வழக்கம். பிள்ளைகளின் திருவிழாவுக்குப் பிள்ளைகளே செய்யக்கூடிய பண்டம். மாவிளக்கு மாவும் அப்படித்தான்: அரிசிமாவும் வெல்லமும் பிசைந்து, நடுவில் குழித்து, நெய் விட்டு, பெரியவர் திரி ஏற்றித் தருவது. இவற்றிலிருந்து தொடங்கி, அடுத்த ஆண்டில் எள்ளுருண்டையும் பிடிகொழுக்கட்டையும் பிடிக்கலாம். வறுப்பதையும் ஆவியில் வைப்பதையும் பெரியவர் பார்த்துக்கொள்ள, உருட்டுவதும் பிடிப்பதும் பிள்ளைகளுக்கு. பத்து வயதுக்குமேல், பக்கத்தில் ஆள் நிற்க, அடுப்புக்குப் பக்கத்தில் விடலாம். நீராவி கொதிநீரைவிட மோசமாகச் சுடும், மூடியைத் தன்பக்கம் திறக்கக் கூடாது என்பதும் இந்தப் பாடத்தின் பகுதிதான். ஆபத்தைச் சொல்லிப் புரியவைப்பதும் மொழியின் வேலையே.

இனி உணவுக்கு வருவோம். தான் செய்ததைப் பிள்ளை விரும்பித் தின்னும் என்பது வீட்டுக்கு வீடு தெரிந்த சேதி. ஆய்வும் அதையே சொல்கிறது. சுவிட்சர்லாந்தில் உணவு நிறுவனம் ஒன்றின் ஆய்வுக்கூடத்திலிருந்து 2014-இல் வெளிவந்த ஆய்வில், 6 முதல் 10 வயது வரையுள்ள 47 பிள்ளைகளில் ஒரு பகுதியினர் பெற்றோருடன் சேர்ந்து சமைத்தார்கள்; மற்றவர்கள் பெற்றோர் சமைத்ததைச் சாப்பிட்டார்கள். கூடச் சமைத்தவர்கள் பச்சைக்காய்க் கலவையை முக்கால் பங்கு அளவுக்குக் கூடுதலாகச் சாப்பிட்டார்கள். இதை மட்டும் சொல்லி நிறுத்துவது நேர்மையாகாது. அதே பிள்ளைகள் மொத்தத்தில் ஏறக்குறைய கால் பங்கு கலோரியும் கூடுதலாக உண்டார்கள். ஆக, சமைக்க விட்டால் பிள்ளை அதிகமாகத் தின்னும். நல்லதையும் அதிகமாக, மற்றதையும் அதிகமாக. எதைச் சமைக்க விடுகிறோம் என்பதே நன்மை தீமையைத் தீர்மானிக்கிறது. மரபு என்ற ஒரே காரணத்துக்காக அதிரசமும் முறுக்கும் உடம்புக்கு நல்லதாகிவிடாது; அவை நல்ல நாளுக்கான பண்டங்கள், அப்படியே இருக்கட்டும். வாராவாரம் பிள்ளைகள் கையில் கொடுக்க வேண்டியவை ஆவியில் வேகிறவை: உப்புக் கொழுக்கட்டை, உளுந்துப் பூரணம், புட்டு, இடியாப்பம், சுண்டல்.

கொழுக்கட்டையும் வெறும் மாவும் வெல்லமும்தானே, இதில் என்ன ஆரோக்கியம் என்று மருத்துவம் அறிந்த வாசகர் கேட்கலாம். அவர் கேட்பதில் உண்மை இருக்கிறது. வெல்லத்தில் இரும்புச்சத்து கொட்டிக் கிடக்கிறது என்ற பேச்சை நம்பி அள்ளிப் போடக் கூடாது. உடம்புக்கு அது பெரும்பாலும் சர்க்கரையே. இத்தகைய சேர்க்கும் சர்க்கரை மொத்த ஆற்றலில் 10 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும், 5 விழுக்காட்டுக்குள் இருந்தால் இன்னும் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2015-இல் வரையறுத்தது. நாளுக்கு 1,400 கலோரி உண்ணும் பிள்ளைக்கு 10 விழுக்காடு என்றால் 35 கிராம். 5 என்றால் 17 கிராம் சொச்சம். 200 மில்லி குளிர்பானத்தில் பலவற்றிலும் 20 கிராமுக்கு மேல் சர்க்கரை இருக்கிறது. ஆனால் அந்தப் பாட்டிலைக் குடிக்கிற பிள்ளைக்கு 20 கிராம் என்பது வெறும் எண். பூரணத்துக்கு வெல்லத்தைத் தராசில் நிறுத்துப் போட்ட பிள்ளைக்கு அது ஒரு கைப்பிடி. கண்ணால் கண்ட அளவு. பாக்கெட்டின் பின்புறத்தில் பொடி எழுத்தில் அச்சிட்டிருக்கும் சத்துப் பட்டியலை அந்தப் பிள்ளை படிக்கும்போது, 100 கிராமுக்கு இத்தனை சர்க்கரை, இத்தனை உப்பு என்பதற்கு மனதில் உருவம் எழும். மொழிப் பாடமும் உணவுப் பாடமும் ஒன்றாக வந்து சேரும் இடம் இதுதான். படிக்கத் தெரிந்த பிள்ளைக்குப் படித்ததன் அளவும் தெரிந்திருந்தால், விளம்பரம் அதை எளிதில் ஏமாற்ற முடியாது.

தமிழ்நாட்டுப் பிள்ளைகளின் பெருங்குறை இரத்தசோகை. 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 57 விழுக்காட்டினருக்கு அது இருந்தது. ஒரு பலகாரத்தால் தீரும் பிரச்சினை அல்ல இது. முட்டையும் கீரையும் பருப்பும் மாத்திரையும் சேர்ந்து செய்ய வேண்டிய வேலை. ஆனால் அதில் பலகாரத்துக்கும் பங்குண்டு. 100 கிராம் பாசிப்பயற்றில் 22 முதல் 24 கிராம் வரை புரதம் இருக்கிறது. சுண்டலில் எலுமிச்சை பிழிந்தாலோ மாங்காயைப் பொடிப்பொடியாக நறுக்கிப் போட்டாலோ பயற்றின் இரும்பை உடம்பு கூடுதலாக உறிஞ்சும். தேங்காய், மாங்காய், பட்டாணி என்று கடற்கரையில் கூவி விற்கிற கூட்டணியில் சுவையோடு அறிவும் இருக்கிறது. கொழுக்கட்டை மாவில் பாதி கேழ்வரகு சேர்த்தால், 100 கிராமுக்கு ஏறக்குறைய 350 மில்லிகிராம் சுண்ணாம்புச்சத்து கொண்ட தானியம் உள்ளே வருகிறது. பூங்கார், மாப்பிள்ளைச் சம்பா போன்ற சிவப்பரிசியைத் தவிட்டோடு அரைத்தால் நாரும் வரும். நெல் ஜெயராமன் திருத்துறைப்பூண்டிப் பக்கம் நெல் திருவிழா நடத்தி ஊர் ஊராய்ப் பரப்பிய விதைகள் இவை. அவருக்கு ஆசானாக இருந்த இயற்கை வேளாண்மை அறிஞர் நம்மாழ்வார் 2013-இல் கண்மூடியது பட்டுக்கோட்டையை அடுத்த அத்திவெட்டியில். அந்த விதைகள் வயலில் நிலைக்க வேண்டுமானால் அவற்றின் சுவை பிள்ளைகளின் நாக்கில் நிலைக்க வேண்டும். புதுச்சுவையைப் பிள்ளை ஏற்க எட்டுப் பத்துத் தடவையாவது வாயில் வைத்துப் பார்க்க வேண்டியிருக்கும் என்பது உணவியலார் பலர் கண்டது. தான் பிசைந்த சிவப்பு மாவை வாயில் வைக்கப் பிள்ளைக்கு யாரும் சொல்லித் தரவேண்டாம்.

கடல் கடந்து பார்த்தாலும் இதே கைவேலையைக் காணலாம். இந்தோனேசியாவின் சந்தைப் பலகாரங்களில் பெயர்பெற்றது க்ளெபோன்: பசையரிசி மாவை ரம்பை இலைச் சாற்றில் பிசைந்து, நடுவில் பனைவெல்லம் வைத்து உருட்டி, கொதிநீரில் வேகவைத்து, தேங்காய்ப்பூவில் புரட்டியது. வாயில் போட்டுக் கடித்தால் உருகிய வெல்லம் பீச்சும். கொழுக்கட்டையில் தேங்காயும் வெல்லமும் உள்ளே; க்ளெபோனில் வெல்லம் உள்ளே, தேங்காய் வெளியே. மூங்கில் குழாயில் மாவடைத்து ஆவியில் வேகவைக்கும் பலகாரத்துக்கு அங்கே பெயரே ‘புத்து’. தெருவில் அதை விற்பவரின் வண்டியில் நீராவி விசில் ஊதிக்கொண்டே வரும். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் நம் இடியாப்பம் ‘புத்து மாயம்’ என்று எல்லா இனத்தாராலும் வாங்கப்படுகிறது. நாகப்பட்டினத்தில் அந்தக் கரையின் ஸ்ரீவிஜய அரசர் எழுப்பிய சூடாமணி விகாரத்துக்கு முதலாம் இராசராசன் ஆனைமங்கலத்து வருவாயை அளித்ததை லெய்டன் செப்பேடு சொல்கிறது. இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் ஆயிரம் ஆண்டுப் போக்குவரத்து உண்டு. எது எங்கிருந்து போனது என்ற வழக்கு நமக்கு வேண்டாம். அரிசியும் தேங்காயும் பனைவெல்லமும் விளைகிற நாடுகளில் பாட்டிமார் ஒரே மாதிரிதான் யோசித்திருக்கிறார்கள். அங்கே பலகாரம் செய்யவைத்துப் பிள்ளைகளுக்கு மொழி கற்பிக்கலாம் என்று ஒருவர் சொன்னால், அது இங்கேயும் செல்லும் என்பதற்கு இந்த ஒற்றுமையே சான்று. வீட்டில் வேறு மொழி பேசி வளரும் அயலகத் தமிழ்ப் பிள்ளைகளுக்கோ இது இன்னும் அவசியம். அவர்கள் பலருக்குத் தமிழ் என்பது வார இறுதி வகுப்பு. அந்த வகுப்பில் ஒரு இட்லிப் பானை இருந்தால், தமிழில் கேட்டால்தான் நடக்கிற காரியம் ஒன்றாவது அவர்களுக்கு இருக்கும்.

இது பெண்கள் தலையில் இன்னொரு வேலையைக் கட்டுகிற யோசனை என்ற எதிர்ப்பை நான் மிக முக்கியமானதாகக் கருதுகிறேன். பலகார மரபைப் புகழ்கிற பலர், அதற்காக விடியற்காலையில் எழுந்து மாவு இடித்தவர்களை மறந்துவிடுகிறார்கள். ‘அந்தக் காலத்தில்’ என்று பெருமூச்சு விடுகிறவர்கள் உலக்கை பிடித்ததில்லை. எனவே நிபந்தனையோடுதான் இதைச் சொல்ல வேண்டும்: கொழுக்கட்டை வகுப்பில் பையன்களுக்கும் சம பங்கு, வீட்டில் செய்தால் அப்பாவுக்கும் சம பங்கு, பாத்திரம் கழுவுவது உட்பட. சொப்பு பிடிக்கத் தெரிந்த பையன் வளர்ந்து சமையலைப் பெண்ணின் கடமை என்று பேசுவது கடினம். அளவும் சிறிதாக இருக்க வேண்டும். ஒரு டம்ளர் மாவு, பத்துக் கொழுக்கட்டை, ஒரு மணி நேரம். விருந்துக்குச் செய்வதுபோல் செய்தால் அது பாடமாக இருக்காது, பளுவாகிவிடும்.

வீட்டில் மட்டும் விட்டால் வசதியும் ஓய்வும் உள்ள வீட்டுப் பிள்ளைகளே இதைக் கற்பார்கள். கூலிவேலைக்குப் போகும் தாயின் பிள்ளைக்குக் கிடைக்காது. ஆகவே இது பள்ளிக்குள் வர வேண்டும். பள்ளியில் சமைத்துப் போடுவதில் தமிழ்நாட்டுக்கு நிகரான அனுபவம் உள்ள மாநிலங்கள் குறைவு. காமராசர் காலத்து மதிய உணவு, 1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவுத் திட்டம், 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கி 2023 ஆகஸ்டில் திருக்குவளையிலிருந்து மாநிலமெங்கும் விரிந்த காலை உணவுத் திட்டம் என்று படிப்படியாக வந்த ஏற்பாடு அது. உப்புமா, கிச்சடி, பொங்கல் என்று பிள்ளைகளின் வயிற்றை நிறைக்கும் பெரிய வேலையை அது செய்கிறது. அந்தச் சமையலைப் பிள்ளைகள் செய்ய வேண்டும் என்று நான் சொல்லவில்லை. மாதத்துக்கு ஒருநாள், ஒரு வகுப்பு, ஒரு பலகாரம் போதும். பள்ளியில் செய்வதால் இன்னொரு நன்மையும் உண்டு. யார் கை பட்டதை யார் தின்னலாம் என்று சாதி பார்த்த சமூகம் இது; சத்துணவுக் கூடத்திலேயே அந்தச் சிக்கல் தலைகாட்டியிருக்கிறது. எல்லார் வீட்டுப் பிள்ளையும் ஒரே பாத்திரத்து மாவைப் பிசைந்து, எது யார் பிடித்தது என்று தெரியாத கொழுக்கட்டைகளை ஒரே தட்டில் எடுத்துத் தின்றால், அந்தப் பாடத்துக்குத் தனியாக உரை எழுத வேண்டியதில்லை. பிள்ளையார் சதுர்த்திக்குக் கொழுக்கட்டை என்றால், பக்கத்து மல்லிப்பட்டினக் கரையின் முஸ்லிம் வீடுகளிலிருந்து நோன்புக் கஞ்சியும் பாடத்துக்கு வரட்டும். பண்டிகை யாருடையதாக இருந்தாலும் பதம் எல்லாருக்கும் பொது.

கடைசியாக, இதனாலெல்லாம் எழுதப் படிக்க வந்துவிடுமா என்ற கேள்வி. வராது. எழுத்தை எழுத்தாகத்தான் கற்பிக்க வேண்டும். கொழுக்கட்டை பிடித்து யாரும் உயிர்மெய் வரிசை கற்றதில்லை. பலகாரம் செய்வது தருவது வேறு: எழுதுவதற்கு ஒரு விஷயம், அதைச் சொல்லச் சரியான சொற்கள், சொல்லியே தீர வேண்டிய ஒரு காரணம். செய்து தின்ற மறுநாள், ‘அடுத்த வகுப்புப் பிள்ளைகள் செய்வதற்காக எழுது’ என்று சொல்ல வேண்டும். அப்போது வரிசை மாறினால் பலகாரம் கெடும் என்று தெரிந்தே வரிசைப்படுத்துவார்கள். பிசற வேண்டிய இடத்தில் பிசை என்று எழுதினால் படித்துச் செய்தவர்கள் வந்து முறையிடுவார்கள். தன் எழுத்தை நம்பி இன்னொருவர் ஒரு காரியம் செய்கிறார் என்ற பொறுப்பைக் கட்டுரை நோட்டு எந்நாளும் தந்ததில்லை. ஆங்கில வழியில் படிக்கும் பிள்ளைக்கும் இது இடைஞ்சல் இல்லை. ஒரு மொழியில் காரணகாரியத்தோடு கோவையாகச் சொல்லப் பழகிய பிள்ளை அந்தப் பழக்கத்தை மற்ற மொழிக்கும் எடுத்துப்போகும்.

ஆண்டில் பள்ளி நடக்கும் மாதங்கள் பத்து. மாதத்துக்கு ஒரு பலகாரம் என்று வைத்தாலும் ஐந்தாம் வகுப்பு முடிவதற்குள் ஒரு பிள்ளை 50 தடவை மாவில் கைவைத்திருக்கும். 50 செய்முறைகளைப் பேசி, பாதியையாவது எழுதியிருக்கும். வெல்லத்தையும் உப்பையும் தானே அளந்திருக்கும். இதற்குக் கட்டடம் வேண்டாம், கருவி வேண்டாம். அரிசியும் தேங்காயும் பேராவூரணிச் சந்தையில் கிடைக்கின்றன. வேண்டியது, பிள்ளைகளின் கையை நம்பி மாவைக் கொடுக்கவும், அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து பொறுமையாகப் பேசவும் மனமுள்ள பெரியவர்கள். முதல் மாதம் வரும் கொழுக்கட்டைகள் வெடிக்கும், கோணும், ஒழுகும். அவற்றைப் பெரியவர்கள் சரிசெய்து கொடுத்துவிடக் கூடாது. ஏன் வெடித்தது என்று பிள்ளை தன் வாயால் சொல்லும்போதுதான் பாடம் தொடங்குகிறது. அடுத்த மாதம் வெடிக்காமல் பிடித்துவிட்டால், அந்தப் பிள்ளைக்கு ஒரு பலகாரமும் கூடவே தன் மொழியில் ஒரு காரியத்தைப் பேசிச் சாதிக்கலாம் என்ற தெம்பும் கிடைத்துவிடும்.